கருப்பை போனால் இல்லறமும் போய்விடுமா?

கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு எங்கள் வைத்தியசாலைகளில் சொல்லப்படும் அறிவுரைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. பாரம் தூக்க வேண்டாம். கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ இரத்தம் போனாலோ உடனே வாருங்கள். குறித்த தினத்தில் கிளினிக்குக்கு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் உறவினரின் அறிவுரைகள் தொடங்கும். எதைச் சாப்பிடலாம், எதை ஒதுக்க வேண்டும், எத்தனை நாள் தலை முழுகக் கூடாது என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள்.

ஆனால், அந்தப் பெண்ணின் மனதிலும் கணவரின் மனதிலும் கிடக்கும் ஒரு கேள்விக்கு இந்த அறிவுரைகள் எதிலும் பதில் இருப்பதில்லை. இனிக் கணவன் மனைவியாக வாழ முடியுமா? வாழ்ந்தால் வலிக்குமா? முன்பிருந்த விருப்பமும் இன்பமும் மிஞ்சுமா? இவற்றை அவர் கேட்பதில்லை, வைத்தியரும் சொல்வதில்லை. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று இவர் தயங்குகிறார். கேட்கவில்லையே, ஆகவே தேவையில்லை போலும் என்று அவர் எண்ணிக்கொள்கிறார்.

இங்கே நான் பேசுவது புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பற்றியல்ல. அது வேறு விடயம். அங்கே உயிரைக் காப்பதே முதற் கவலை. நார்க்கட்டிகள், அடங்காத இரத்தப்போக்கு, கருப்பை இறக்கம், எண்டோமெட்ரியோசிஸ் போன்ற, உயிரைப் பறிக்காத ஆனால் வாழ்வைக் குலைக்கும் நோய்களுக்காகச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளைப் பற்றியே எழுதுகிறேன். உயிருக்கு ஆபத்தில்லாத நோய் என்றால், வாழ்க்கையின் தரத்தை உயர்த்துவதற்காகத்தானே சத்திரசிகிச்சை? அப்படியானால் அந்த வாழ்க்கையின் ஒரு பகுதியான தாம்பத்தியத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது எப்படி நியாயமாகும்?

நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில் வாரந்தோறும் வைத்திய ஆலோசனைப் பகுதி வெளிவந்தது. வாசகர் கடிதங்களைப் பிரித்து, கேள்விகளைச் சுருக்கி, வைத்தியருக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு சில காலம் என்னிடம் இருந்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம், முடி உதிர்தல் என்று கேள்விகள் குவியும். இவற்றுக்கிடையே, உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மீது இன்னொரு காகிதத் துண்டையும் ஒட்டி வரும் கடிதங்கள் சில உண்டு. அவை பெரும்பாலும் பெண்களுடையவை. பெயர் இராது. ஊரும் பல வேளைகளில் இராது.

அவற்றுள் ஒன்று நாற்பதைக் கடந்த ஒரு பெண்ணுடையது. கட்டி காரணமாகக் கருப்பை அகற்றப்பட்டு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அன்று முதல் கணவர் விறாந்தையில் படுக்கிறார் என்று எழுதியிருந்தார். கணவரிடம் வெறுப்பு இல்லை. தொட்டால் எனக்கு ஏதும் ஆகிவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று அவரே காரணமும் சொல்லியிருந்தார். மாமியார் "உள்ளே ஒன்றும் இல்லாதவள்" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னதைக் கேட்டாராம். கடைசி வரி ஒரு கேள்வி: "ஐயா, நான் இன்னமும் மனைவிதானா?"

அந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க ஆசிரிய பீடம் சம்மதிக்கவில்லை. இது குடும்பப் பத்திரிகை, பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அதே பத்திரிகையின் உட்பக்கங்களில், ஆண்மைக் குறைவைப் போக்குவதாகச் சொல்லும் விளம்பரங்கள் எந்தத் தடையுமின்றி வந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் அவற்றை வாசிக்கமாட்டார்கள் என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஆணின் குறை விளம்பரமாகலாம். பெண்ணின் கேள்வி கேள்வியாகக்கூட வரக்கூடாது. நல்லவேளையாக, அந்தப் பெண் தமது தோழி ஒருவரின் விலாசத்தைக் கடிதத்தின் அடியில் எழுதியிருந்தார். வைத்தியர் தமது கைப்பட அரைப் பக்கம் பதில் எழுதித் தந்தார். தபாலில் சேர்த்தோம். "கணவரையும் இதை வாசிக்கச் சொல்லுங்கள்" என்பது அதன் முதல் வரி.

அந்த அரைப் பக்கத்தில் இருந்தவை இன்றும் பலருக்குத் தெரியாதவை. ஆகவே, இன்றைய மருத்துவ அறிவோடு சேர்த்து அவற்றை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

கருப்பை ஏறத்தாழ ஒரு பேரிக்காயின் அளவும் வடிவமும் கொண்ட தசைப்பை. பிள்ளையைச் சுமப்பதும், மாதந்தோறும் உட்படலத்தை உதிர்ப்பதும் அதன் வேலை. அதை அகற்றினால் மாதவிடாய் நிற்கும். பிள்ளைப்பேறு இல்லாமற் போகும். ஆனால் யோனி அங்கேயே இருக்கிறது. கருப்பையோடு அதன் கழுத்தும் அகற்றப்பட்டால், யோனியின் மேல்முனை தைத்து மூடப்படும். இன்ப உணர்வுக்கு ஆதாரமான கிளிட்டோரிஸும் அதற்குரிய நரம்புகளும் இந்தச் சத்திரசிகிச்சையின் எல்லைக்கு வெளியே உள்ளன. விருப்பத்தைத் தூண்டும் ஹோர்மோன்கள் சூலகங்களிலும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளிலும் உண்டாகின்றன, கருப்பையில் அல்ல. "உள்ளே வெற்றிடம்" என்பதும் கற்பனையே. அந்த இடத்தைக் குடல் நிரப்பிக்கொள்கிறது. தைத்த இடம் ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். அதுவரை உறவைத் தவிர்க்குமாறு சொல்வது அதற்காகத்தான். அந்த வாரங்களுக்கு ஒரு முடிவு உண்டு என்பதைச் சொல்லாமல் விடும்போதுதான் அது ஆயுள் தடையாக மாறிவிடுகிறது.

இனி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கருப்பை அகற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரும், பின்னர் இரண்டு ஆண்டுகள் வரையும் தொடர்ந்து விசாரித்த ஆய்வொன்றின் முடிவுகள் 1999இல் வெளியாகின. உறவின்போது அடிக்கடி வலியை அனுபவித்தவர்கள் முன்னர் 18.6 சதவீதம், இரண்டு ஆண்டுகளின் பின்னர் 3.6 சதவீதம். தாம்பத்திய உறவில் ஈடுபட்டவர்கள் 70.5 சதவீதத்திலிருந்து 76.7 சதவீதமாக உயர்ந்தனர். விருப்பக் குறைவும் உச்ச இன்பம் எய்தாமையும் அதிகரிக்கவில்லை, குறைந்தன.

இதில் அதிசயம் எதுவுமில்லை. மாதத்தில் பாதி நாட்கள் இரத்தம் போகும் ஒரு பெண்ணுக்கு, அடிவயிற்றில் கட்டியும் வலியும் சோகையும் கொண்ட ஒரு பெண்ணுக்கு, படுக்கை என்பது ஓய்வெடுக்கும் இடம் மட்டுமே. நோய் நீங்கியதும் உடலில் தெம்பு திரும்புகிறது. கர்ப்பமாகிவிடுவோமோ என்ற பயமும் இல்லை. இன்பம் திரும்புவதற்கு அதுவே வழிவிடுகிறது.

கருப்பைக் கழுத்தை விட்டுவைத்தால் உணர்வு குறையாது என்றொரு நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1983இல் பின்லாந்திலிருந்து வந்த ஆய்வொன்று அதற்கு வலுச் சேர்த்தது. பிற்பாடு லண்டன் வைத்தியசாலைகளில் 279 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்குக் கழுத்தோடும் மற்றக் குழுவினருக்குக் கழுத்தை விட்டும் கருப்பையை அகற்றிப் பார்த்தார்கள். 2002இல் வெளியான முடிவு, தாம்பத்திய வாழ்வைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடில்லை என்பதே. அடுத்த ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வும், வயிற்றின் வழியாகவோ யோனியின் வழியாகவோ எந்த முறையில் அகற்றினாலும் பெண்களின் பாலுறவுத் திருப்தி பொதுவாக மேம்பட்டது என்றே கூறியது. எங்கள் மலையகத்திலும் கிராமங்களிலும் பல பெண்கள் செய்துகொண்ட குழாய்க் கருத்தடைச் சத்திரசிகிச்சை குறித்தும் இதே கதைதான். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஐந்தில் நான்கு பங்கினருக்கு விருப்பத்திலோ இன்பத்திலோ மாற்றமேதும் ஏற்படவில்லை. மாற்றம் கண்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது நல்ல மாற்றமாகவே இருந்தது.

ஆனால் பெரும்பாலானோருக்கு நன்மை என்பது எல்லோருக்கும் நன்மை என்றாகாது. இந்த இடத்தில் பூசி மெழுகினால், மௌனத்துக்குப் பதில் பொய்யைக் கொடுத்தவர்களாவோம்.

முதலாவது, சூலகங்கள். கருப்பையோடு இரு சூலகங்களும் அகற்றப்பட்டால், இயற்கையாக ஐம்பது வயதளவில் மெல்ல மெல்ல வரவேண்டிய மாதவிடாய் நிறுத்தம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. உடல் கொதிக்கிறது, தூக்கம் கெடுகிறது, யோனி உலர்ந்து மெலிகிறது, உறவு வலிக்கிறது. விருப்பத்தோடு தொடர்புடைய டெஸ்டோஸ்டிரோனும் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைகிறது. "எப்படியும் வயிற்றைத் திறக்கிறோம், சூலகங்களையும் எடுத்துவிட்டால் பிற்காலத்தில் புற்றுநோய்ப் பயமில்லை" என்று முன்னர் பல நாடுகளில் அவற்றையும் சேர்த்து அகற்றுவது வழக்கமாக இருந்தது. அமெரிக்கத் தாதியரை நீண்ட காலம் தொடர்ந்த பெரும் ஆய்வின் அடிப்படையில் 2009இல் வெளியான பகுப்பாய்வு, சூலகங்கள் அகற்றப்பட்டோரிடையே சூலகப் புற்றுநோய் குறைந்தாலும் இதய நோயும் மொத்த மரணங்களும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பரம்பரைப் புற்றுநோய் ஆபத்துள்ளவர்களின் நிலை வேறு. மற்றவர்கள், சூலகங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று கையெழுத்து வைப்பதற்கு முன்னரே கேட்க வேண்டும். அவற்றை விட்டுவைத்தாலும் மாதவிடாய் நிறுத்தம் சில ஆண்டுகள் முந்தி வரக்கூடும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

இரண்டாவது, உச்ச இன்பத்தின்போது கருப்பை சுருங்கி விரிவதை ஆழமாக உணர்ந்து பழகிய பெண்கள் சிலர் உண்டு. அந்த உணர்வு மாறிவிட்டது என்று அவர்கள் சொன்னால் அது பிரமை அல்ல. அதைக் கற்பனை என்று தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை.

மூன்றாவது, கருப்பை இறக்கத்துக்கும் யோனிச் சுவர்த் தளர்ச்சிக்கும் செய்யப்படும் திருத்தங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கித் தைத்தால் உறவு வலிக்கும் என்பதை 1961இலேயே லிவர்பூல் வைத்தியர்கள் எழுதிவிட்டார்கள். பிற்காலத்தில், தளர்ந்த சுவரைத் தாங்குவதற்கு யோனி வழியாகப் பிளாஸ்டிக் வலையை வைக்கும் முறை உலகெங்கும் பரவியது. பல பெண்களுக்கு அது உதவியது. ஆனால் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த வலை உள்ளே சுருங்கியும் அரித்து வெளிப்பட்டும் தீராத வலியாயிற்று. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இதன் பயன்பாடு இடைநிறுத்தப்பட்டது. இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கப்படும் வலைகளின் விற்பனையை நிறுத்துமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2020 ஜூலையில் லண்டனில் வெளியானது. அந்தக் குழுவின் முன் வந்த பெண்கள், நடக்க முடியாமற்போனதையும், தொழிலை இழந்ததையும், தாம்பத்திய வாழ்வு முடிந்துபோனதையும் சொன்னார்கள். எல்லாவற்றிலும் மேலாக, வலிக்கிறது என்று சொன்னபோது எவரும் நம்பவில்லை என்பதைச் சொன்னார்கள்.

ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் என்னை உறுத்துவது இந்தக் கடைசிக் குறைதான். கேள்வி கேட்கும் பழக்கம் வைத்தியசாலைகளில் இருந்திருந்தால், பதிலைக் குறித்து வைக்கும் பழக்கம் இருந்திருந்தால், அந்த வலைகளின் தீங்கு பல ஆண்டுகள் முன்னரே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். கேட்காத கேள்விக்குப் புள்ளிவிபரம் இராது. புள்ளிவிபரம் இல்லாத துன்பத்தை இல்லாத துன்பம் என்று சொல்லிவிடுவது எளிது.

மௌனத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. மெல்பேர்ணில் லொரேய்ன் டென்னர்ஸ்டீன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு, சத்திரசிகிச்சையால் தமது தாம்பத்தியம் கெடும் என்று முன்கூட்டியே அஞ்சிய பெண்களுக்கே பின்னர் அது கெடும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. பயத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. 1990களில் சுவீடனில் செய்யப்பட்ட ஆய்வுகளும், பின்னைய நிலையைத் தீர்மானிப்பதில் முன்னைய தாம்பத்திய வாழ்வுக்கே பெரிய பங்கு என்று கூறின. நல்ல உறவிருந்த வீட்டில் அது மீளுகிறது. ஏற்கெனவே விரிசல் கண்ட வீட்டில், சத்திரசிகிச்சை ஒரு சாட்டாகிவிடுகிறது.

இப்போது மருத்துவ உலகம் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகி வருகிறது. விருப்பம், கிளர்ச்சி, ஈரப்பதம், உச்ச இன்பம், திருப்தி, வலி ஆகிய ஆறையும் பத்தொன்பது கேள்விகளால் அளக்கும் படிவம் ஒன்று 2000ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பயன்படுகிறது. எங்கள் நாட்டிலும் நல்ல தொடக்கம் ஒன்று நிகழ்ந்திருக்கிறது. கருப்பையை அகற்றும் மூன்று முறைகளை ஒப்பிடும் ஆய்வொன்று ராகமை வடகொழும்பு போதனா வைத்தியசாலையிலும் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் மேற்கொள்ளப்பட்டது. தாம்பத்தியம் பற்றிய கேள்விகளையும் உள்ளடக்கிய சர்வதேசப் படிவமொன்று சிங்களத்திலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, எங்கள் பெண்களிடமே சோதித்துப் பார்க்கப்பட்டது. மன்னார் போன்ற ஒரு மாவட்டத்துப் பெண்ணிடம் அவருடைய தாய்மொழியில் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம் என்பதே எனக்குப் பெரிய செய்தியாகப்பட்டது. சொற்கள் இல்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

புலம்பெயர்ந்த எங்கள் பெண்களின் நிலை இதைவிட எளிதானது என்று எண்ணிவிட வேண்டாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வைத்தியர் இந்தக் கேள்வியைக் கேட்கவே செய்வார். ஆனால் அம்மாவுக்கு மொழிபெயர்க்க அருகில் இருப்பவர் இருபது வயது மகன். கேள்வி அவனிடம் போய் நின்றுவிடும். "ஒன்றும் பிரச்சினை இல்லையாம்" என்ற பதிலை அவனே சொல்லிவிடுவான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்நாடுகளில் வைத்தியசாலையின் உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம்; பெண் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதைவிட, அந்த ஒரு சந்திப்புக்கு அவரை வைத்துக்கொள்வது நல்லது.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். சத்திரசிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன்னர் நான்கு விடயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கருப்பையை எடுக்காமல் மாத்திரையாலோ, ஹோர்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனத்தாலோ, கட்டியை மட்டும் அகற்றுவதாலோ குணப்படுத்த முடியுமா? சூலகங்கள் இருக்குமா, எடுக்கப்படுமா, ஏன்? உள்ளே வலையோ வேறு பொருளோ வைக்கப்படுமா? எத்தனை வாரங்களின் பின்னர் கணவரோடு உறவுகொள்ளலாம்? கடைசிக் கேள்வியை வைத்தியரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் தாதியிடமோ குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ கேளுங்கள். உறவு தொடங்கி, மூன்று மாதங்களாகியும் வலி நீடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வறட்சிக்கு வழுக்கும் ஜெல் உண்டு. யோனியில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உண்டு. இளவயதில் சூலகங்களை இழந்தவர்களுக்கு ஹோர்மோன் சிகிச்சை உண்டு. வைத்தியரின் ஆலோசனையோடு பெறக்கூடிய சாதாரண மருந்துகளே இவை.

கணவர்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் பெண்கள் விடுதிக்குள் ஆண்களை எளிதில் விடமாட்டார்கள். பார்வையாளர் நேரம் வரை கணவர் வெளியே மரத்தடியில் நிற்பார். உள்ளே சொல்லப்படுவது எதுவும் அவர் காதுக்கு எட்டாது. மருந்துக் கடையும் சாப்பாட்டுக் கடையுமே அவருடைய பொறுப்பு. ஆகவே, மனைவிக்கு இனி என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை அவர் ஊர்ப்பேச்சிலிருந்து கற்றுக்கொள்கிறார். விறாந்தையில் பாயை விரித்துக்கொண்டவர் பொல்லாதவர் அல்ல. அவருக்கு எவரும் எதையும் சொல்லவில்லை. கிளினிக் தினத்தன்று மனைவியோடு கூடப் போங்கள். உள்ளே வர அனுமதி கேளுங்கள். அனுமதித்தால், நீங்களே கேளுங்கள். உங்கள் மனைவி பல மாதங்களாகத் தொண்டைக்குள் வைத்திருக்கும் கேள்வி அதுவாகவே இருக்கும்.